விக்டோரியாவில் வேட்டைக்கறி: மிளாவா, ஃபாலோ மானா, முயலா, ஆடா?

ஊரில் மிளாவை, அதாவது கடமானை, தொட்டால் சிறை. 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபிறகு இந்தியாவில் மான்கறிக்கு நேர்வழி இல்லாமல் போனது. அப்படி ஆனதுதான் சரி. மிளா இன்று தன் சொந்தக் காடுகளிலேயே அழியும் ஆபத்துள்ள இனங்களின் பட்டியலில் இருக்கிறது. ஆனால் ஈழத்தில் மரை என்று சொல்லப்படும் அதே மிளா, ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் மலைக்காட்டை மென்று தீர்க்கும் வந்தேறி. 1860களில் இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் கப்பலேற்றிக் கொண்டுவந்து, மெல்பர்னுக்கு வெளியே அவிழ்த்துவிட்டார்கள் வெள்ளைக்காரர்கள். வேட்டைக்கு விலங்கு வேண்டும் என்பதே அதற்கு முக்கியக் காரணம். இங்கே அதைத் தின்னப் புலி இல்லை, செந்நாய்க் கூட்டம் இல்லை. பெருகிவிட்டது. 2007இல் மாநில அரசே, மிளாவால் நாட்டுத் தாவரங்களுக்கு ஏற்படும் அழிவைச் சட்டப்படி ஓர் அச்சுறுத்தலாகப் பட்டியலிட்டது.

மெல்பர்னிலும் ஜிலாங்கிலும் வாழும் நம்மவர்களில் வேட்டை உரிமம் எடுப்பவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, எதை அடிப்பது என்றுதான். பலர் மனதில் கொம்பு இருக்கிறது. சிலர் மனதில் ஊரில் தாத்தா சொன்ன காட்டுப்பன்றிக் கதை இருக்கிறது. நான் திருப்பிக் கேட்பது வேறு. வீட்டில் எந்தக் கறி வைப்பீர்கள், எத்தனை பேர் சாப்பிடுவீர்கள், மலையில் எவ்வளவு எடையைச் சுமப்பீர்கள்? இந்த மூன்றுக்கும் பதில் சொல்லிவிட்டால் எந்த விலங்கு என்பது தானாகவே தெரிந்துவிடும்.

சட்டத்தை முதலில் முடித்துவிடுகிறேன். 1996இல் டாஸ்மேனியாவின் போர்ட் ஆர்தரில் 35 பேர் சுட்டுக் கொல்லப்பட்டபிறகு, துப்பாக்கி வைத்திருக்கத் தக்க காரணம் காட்டியாக வேண்டும் என்று நாடு முழுக்கச் சட்டம் இறுகியது. வேட்டை அப்படியொரு காரணமாக ஏற்கப்படும். காவல்துறையின் துப்பாக்கி உரிமம் எல்லாவற்றுக்கும் வேண்டும். முதல் துப்பாக்கிக்கு 28 நாள் காத்திருக்க வேண்டும், வீட்டில் பூட்டிய பெட்டகம் இருக்க வேண்டும். மானுக்கும் வாத்துக்கும் காடைக்கும் இதற்கு மேல் மாநில அரசின் தனி வேட்டை உரிமமும் தேவை. முயல், காட்டாடு, பன்றி ஆகியவை தொல்லை விலங்குகள் என்பதால் அந்தத் தனி உரிமம் வேண்டாம். தனியார் நிலமென்றால் உரிமையாளர் அனுமதி கட்டாயம். மானை இரவில் விளக்கடித்துச் சுடுவது குற்றம். சூரியன் உதிக்க அரைமணி முன்பிலிருந்து மறைந்து அரைமணி வரைதான் நேரம். அடித்த கறியை விற்கவும் கூடாது. உங்கள் வீட்டுக்கும் நண்பர்களுக்கும் மட்டும்தான்.

மிளாவிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் தமிழ்ச் சமையலுக்கு மிக நெருங்கிவரும் காட்டுக்கறி அதுதான் என்பது என் உறுதியான எண்ணம். ஆண் 200 கிலோவைத் தாண்டும். பெட்டையே 150 கிலோ பக்கம் வரும். நாரிழை தடித்தது, நிறம் கறுஞ்சிவப்பு, கொழுப்பு மிகக் குறைவு. வெள்ளைக்காரர்கள் பலர் இதை இரண்டாந்தரமாகவே பேசுவார்கள். வாணலியில் வாட்டி உள்ளே சிவப்பாக விட்டுச் சாப்பிடும் அவர்கள் முறைக்கு இது சற்று முரடு. நாமோ மணிக்கணக்கில் வேகவைத்து, மசாலாவை எலும்புவரை இறக்குகிறவர்கள். மிளாவின் முன்னங்கால், கழுத்து, முழங்காலுக்குக் கீழே உள்ள கறி, இவற்றில் சவ்வும் நாரும் நிறைய. குக்கரில் முக்கால் மணிநேரம் வைத்தால் அத்தனையும் கரைந்து குழம்பைக் கெட்டிப்படுத்தும். எங்கள் நாகர்கோவில் பக்கத்து வறுத்தரைத்த குழம்பில், தேங்காயும் மல்லியும் நல்லமிளகும் நன்றாகச் சிவந்து வறுபட்ட அந்த மசாலாவில், மிளாவின் கால்கறி போல் நிற்கும் வேறு கறியை நான் அறியேன். ஆட்டுக்கறியின் வாடை பிடிக்காத பிள்ளைகள்கூட இதை மறுப்பதில்லை, ஏனென்றால் இளம்பெட்டையின் கறிக்கு வாடை கிட்டத்தட்ட இல்லை.

ஆனால் இந்தக் கறிக்கு உடம்பால் விலை கொடுக்க வேண்டும். மான்ஸ்ஃபீல்டு, ஜேமிசன், லிக்கோலா, டார்கோ என்று மிளா திரியும் இடமெல்லாம் செங்குத்துச் சரிவும் புதரும். மிளா பகலில் அடர்ந்த புதருக்குள் படுத்திருக்கும். விடியும் நேரமும் அந்தியும்தான் வெளியே வரும். உங்கள் வாசம் காற்றில் போனால் ஒரு முறை ஹார்ன் அடித்தது போல் கத்திவிட்டு மறைந்துவிடும். பல நாள் நடந்தும் பார்க்காமலேயே திரும்புகிறவர்கள் உண்டு. கிடைத்தாலோ, பெரும்பாலும் பள்ளத்தின் அடியில் ஓடைக்கரையில்தான் விழும். ஐம்பது கிலோ எலும்பில்லாக் கறியை முதுகுப்பையில் அடைத்து, 400 மீட்டர் உயரம் மேலே ஏற்றிக் கொண்டுவர வேண்டும். இரண்டு பேராகப் பகிர்ந்தாலும் ஆளுக்கு இருபத்தைந்து கிலோ. தனியாளாகப் போய் பெரிய ஆணைச் சுட்டுவிட்டு, முதுகுக்கறியை மட்டும் அறுத்துக்கொண்டு மீதியைக் காட்டில் விட்டுவருகிறவர்கள் இருக்கிறார்கள். அது எனக்குக் கோபம் தரும் காரியம். சுமக்க முடியாத விலங்கைச் சுடவே கூடாது.

துப்பாக்கியிலும் மிளாவுக்குத் தனிக் கணக்கு. குறைந்தது 6.85 மில்லிமீட்டர் விட்டமுள்ள குண்டு வேண்டும் என்பது சட்டம். ஃபாலோ மானுக்கும் புள்ளிமானுக்கும் 6.17 மில்லிமீட்டர் போதும். புதிதாகச் சுடப் பழகுகிறவருக்குப் பெரிய துப்பாக்கியின் உதை கையை நடுங்கவைக்கும், நடுங்கிய கை விலங்கைக் காயப்படுத்தி ஓடவிடும். இதை மனதில் வைத்துத்தான் அடுத்த தெரிவைச் சொல்கிறேன்.

ஃபாலோ மான் துருக்கி, மத்தியதரைக்கடல் பக்கத்து விலங்கு. 1830களிலேயே டாஸ்மேனியாவுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். பெட்டை 40 கிலோ பக்கம்தான் இருக்கும். ஒருவர் தனியாக ஒரே நடையில் தூக்கிவந்துவிடலாம். பண்ணைகளை ஒட்டிய காட்டோரங்களில் பகலிலும் மேயும். கூட்டமாக நிற்பதால் கண்ணில் படுவதும் எளிது. ஆனால் அத்தனை கண்களும் உங்களைப் பார்க்கும். ஆண்டு முழுக்க அடிக்கலாம், எண்ணிக்கை வரம்பு இல்லை.

கறியைப் பொறுத்தவரை மிளாவுக்கு நேர் எதிர். நாரிழை மெல்லியது, கொழுப்பு சற்று அதிகம், அதுவும் இங்கே இலையுதிர்காலமான மார்ச் முதல் மே வரை நன்றாக வைத்திருக்கும். இதைக் குழம்பில் போட்டு முக்கால் மணி வேகவைத்தால் அத்தனை மென்மையும் வீண். முதுகுக்கறியை விரல்தடிமன் துண்டாக்கி, உப்பும் பொடித்த மிளகும் மட்டும் தடவி, புகையும் இரும்புச் சட்டியில் பக்கத்துக்கு இரண்டு நிமிடம் விட்டு எடுத்து, கறிவேப்பிலையும் சின்ன வெங்காயமும் தாளித்து மேலே கொட்டுங்கள். அதற்கு மேல் விட்டால் ஈரல் மாதிரி ஒரு சுவை ஏறி, கறி வறண்டுவிடும். நம் வீடுகளில் மான்கறி பிடிக்கவில்லை என்று சொல்பவர்களில் பலர் உண்மையில் மிஞ்சி வெந்த முதுகுக்கறியைச் சாப்பிட்டவர்கள். கர்ப்பிணிகள் மட்டும் உள்ளே சிவந்த கறியைத் தொடக்கூடாது. அரைவேக்காட்டு மான்கறியில் டாக்சோபிளாஸ்மா கிருமி இருக்க வாய்ப்புண்டு. அவர்களுக்குத் தொடைக்கறியை நன்கு வேகவைத்துக் கொடுங்கள்.

ஒரே எச்சரிக்கை ஏப்ரல். அது ஃபாலோ இணைசேரும் பருவம். ஆண்கள் தங்கள் மூத்திரத்திலேயே புரண்டு திரியும். அந்தக் கறியை எந்த மசாலாவும் காப்பாற்றாது. பெட்டைக்கு அந்தக் குறை இல்லை.

புள்ளிமானைப் பற்றிக் கேட்காத தமிழர் இல்லை. மான்கறியிலேயே ருசி அதற்குத்தான் என்று ஆஸ்திரேலிய வேட்டைக்காரர்களும் சொல்வார்கள், நானும் மறுக்க மாட்டேன். வாடையே இல்லாத, வெளிர்நிறமான, பஞ்சுபோன்ற கறி. ஆனால் பெருங்கூட்டம் இருப்பது வட குயின்ஸ்லாந்தில், சார்ட்டர்ஸ் டவர்ஸ் பக்கம். 1886இல் மேரிவேல் பண்ணையில் விட்ட மான்களின் வழி அது. மெல்பர்னிலிருந்து 2,000 கிலோமீட்டருக்கு மேல், அதுவும் தனியார் பண்ணை அனுமதி வாங்கி. விடுமுறையைக் கழிக்கப் போகலாம், வீட்டுக்கறிக்கு இது வழி அல்ல. பன்றிமான் என்று நாம் சொல்லும் சிறு மான் விக்டோரியாவின் கிப்ஸ்லாந்துக் கடலோரத்தில் இருக்கிறது. ஆசியாவில் அருகிவிட்ட இந்த இனம் இங்கே கணக்கு வைத்து அடிக்கும் அளவுக்கு இருக்கிறது. ஏப்ரல் மாதம் மட்டும், ஒருவருக்கு ஓர் ஆணும் ஒரு பெட்டையும், அடையாளப்பட்டை கட்டிச் சோதனைச்சாவடியில் காட்ட வேண்டும். நல்ல கறிதான். ஆண்டு முழுக்க உள்ள சமையலுக்கு இதை நம்ப முடியாது.

முயலை நம்மவர்கள் சின்ன விஷயமாக நினைக்கிறார்கள். அது தவறு. 1859இல் விக்டோரியாவின் வின்செல்சி அருகே தாமஸ் ஆஸ்டின் என்பவர் இங்கிலாந்திலிருந்து வரவழைத்து விட்ட முயல்களின் வம்சம் கண்டத்தையே மூடியது. 1930களின் பொருளாதார மந்தத்தில் ஏழை வீடுகளில் ஆட்டுக்கறிக்குப் பதிலாகச் சட்டியில் கிடந்தது இதுதான். 1950இல் மிக்சோமா வைரஸையும் 1995இல் காலிசி வைரஸையும் கொண்டு குறைத்தும் இன்னும் வயல் மேடுகளெல்லாம் வளை. ‘22’ என்று சொல்லும் சிறிய குண்டுத் துப்பாக்கி போதும், சத்தம் குறைவு, உதை இல்லை, ஒரு மாலையில் நான்கைந்து கிடைக்கும். ஒன்று சுத்தம் செய்தால் முக்கால் கிலோ வரும். சுடவும், தோலுரிக்கவும், குடலெடுக்கவும், கறியைச் சூடு தணியவைக்கவும் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல பள்ளி கிடையாது. பெரிய விலங்கின் வயிற்றை முதன்முதலாகக் கிழிக்கும்போது கை தவறிக் குடல் கிழிந்தால் ஐம்பது கிலோ கறி பாழ். முயலில் தவறினால் முக்கால் கிலோ.

கொழுப்பே இல்லாத கறி என்பதால் எண்ணெயும் தேங்காய்ப்பாலும் தாராளமாக வேண்டும். பின்னங்கால்களையும் முதுகையும் பிரித்துச் சமையுங்கள், இரண்டும் ஒரே நேரத்தில் வேகாது. மஞ்சளும் இஞ்சிபூண்டும் தடவி ஊறவைத்து, கால்களை முதலில் தேங்காய்ப்பாலில் மெதுவாக வேகவிட்டு, கடைசிப் பத்து நிமிடத்தில் முதுகைப் போடுங்கள். கண் வீங்கிச் சீழ்பிடித்த முயலை வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள், மிக்சோமா மனிதருக்குத் தொற்றாது என்றாலும்கூட. ஈரலில் வெள்ளைப் புள்ளிகள் கண்டால் எறிந்துவிடுங்கள்.

காட்டாடு ருசியில் வீட்டுக்கு மிகப் பக்கம். நாம் மட்டன் என்று சொல்வது வெள்ளாடுதானே. கோபார், வில்கேனியா, புரோக்கன் ஹில் என்று நியூ சவுத் வேல்ஸின் மேற்கு வறள்நிலத்தில் லட்சக்கணக்கில் திரிகின்றன. ஆஸ்திரேலியாவின் ஆட்டுக்கறி உற்பத்தியில் பெரும்பகுதி இப்படிப் பிடித்துவரும் ஆடுகளால்தான் நடக்கிறது. பிரியாணிக்கும் சுக்காவுக்கும் எலும்புக்குழம்புக்கும் எந்தச் சிந்தனையும் வேண்டாம், ஊரில் செய்வதையே செய்யுங்கள். 25 கிலோ எடையுள்ள இளம்பெட்டையாகப் பாருங்கள். கிழட்டுக் கிடாவின் வாடை தோலிலிருந்து கறிக்கு ஏறிவிடும். ஆனால் புரோக்கன் ஹில் மெல்பர்னிலிருந்து 800 கிலோமீட்டருக்கு மேல், இடையில் மாநில எல்லை, வேறு விதிமுறைகள், 40 டிகிரி வெயில். அத்தனை பெட்ரோலும் பனிக்கட்டியும் செலவழித்துக் கொண்டுவரும் கறியின் ருசி, மெல்பர்னின் டாண்டினாங் பக்கத்துக் கடையில் வாங்கும் ஆட்டுக்கறியின் ருசிதான். வேட்டை என்றால் கிடைக்காத ஒன்றுக்காகத்தான் போக வேண்டும் என்பது என் கருத்து. ஆட்டுக்காகப் போகிறவர்கள் கியூ காய்ச்சலுக்குத் தடுப்பூசி போட்டுக்கொள்வது நல்லது. பிறப்புநீர், இரத்தம், தூசி வழியாகத் தொற்றும் அந்தக் கிருமி ஆட்டிலும் கங்காருவிலும் உண்டு. தடுப்பூசிக்கு முன் தோல்சோதனையும் இரத்தப்பரிசோதனையும் செய்வார்கள் என்பதால் சில வாரம் முன்பே மருத்துவரைப் பாருங்கள்.

காட்டுப்பன்றியை நான் பரிந்துரைக்க மாட்டேன். வன்னியிலும் மலையோரக் கிராமங்களிலும் பன்றிக்கறியின் பெருமையைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கும். பன்றி அறுக்கும்போது கையில் உள்ள சிறு கீறல் வழியாகப் புருசெல்லா என்ற கிருமி ஏறி மாதக்கணக்கில் காய்ச்சலும் மூட்டுவலியுமாகப் படுத்தவர்கள் குயின்ஸ்லாந்திலும் வட நியூ சவுத் வேல்ஸிலும் இருக்கிறார்கள். கையுறை, கண்ணாடி போட்டு, கறியை முழுக்க வேகவைத்தால் ஆபத்து குறையும். ஆனால் விக்டோரியாவில் பன்றி குறைவு, முதிர்ந்த ஆணின் கறி நாறும், மானே பக்கத்தில் நிற்கும்போது இவ்வளவு பாடு எதற்கு?

கங்காருவை வேட்டைக்காரர்கள் பொழுதுபோக்காக அடிக்க முடியாது. அது நாட்டு விலங்கு. உரிமம் பெற்ற தொழில்முறைச் சுடுநர்கள் மட்டும்தான், ஒதுக்கீட்டுக்கு உட்பட்டு. ஆசையிருந்தால் சூப்பர்மார்க்கெட்டில் வாங்கிக்கொள்ளுங்கள். கொழுப்பு 2 சதவீதத்துக்கும் கீழே, இரும்புச்சத்து நிறைய. வால் கிடைத்தால் விடாதீர்கள், ஆட்டுக்கால் பாயாவுக்கு அது அவ்வளவு பொருத்தம்.

வாத்துக்கும் காடைக்கும் ரசிகர்கள் இருக்கிறார்கள். காடை ஊரில் பழகிய ருசி, ஏப்ரல் முதல் ஜூன் வரை பருவம். வாத்து வேட்டைக்கு இனங்களை அடையாளம் காணும் தேர்வு எழுத வேண்டும். நியூ சவுத் வேல்ஸ், குயின்ஸ்லாந்து, மேற்கு ஆஸ்திரேலியா மூன்றும் பொழுதுபோக்கு வாத்து வேட்டையை எப்போதோ நிறுத்திவிட்டன. விக்டோரியா 2024 தொடக்கத்தில் தொடர்வது என்று முடிவெடுத்தது. இரண்டுமே இந்த மண்ணின் பறவைகள். சில்லுத்தோட்டா பட்டு, விழாமல் காயத்தோடு பறந்துபோகும் வாத்துகள் என்னை உறுத்துகின்றன. அதனால் நான் போவதில்லை. வந்தேறி விலங்கை அடிக்கும்போது எனக்கு இருக்கும் மனத்தெளிவு பறவைகளில் இல்லை.

எதை எடுத்தாலும் கறியின் தலையெழுத்து சுட்ட முதல் மணிநேரத்தில் முடிவாகிறது. குடலை உடனே எடுத்து, உடல்சூட்டை வெளியேற்றி, ஈயும் மண்ணும் படாமல் துணிப்பையில் போட்டு நிழலில் தொங்கவிட வேண்டும். விக்டோரிய மலைகளில் மே முதல் செப்டம்பர் வரை இரவுக்குளிரே உங்களுக்குக் குளிர்சாதனப்பெட்டி. இங்கே கோடையான ஜனவரியில் அதே கறி காருக்கு வருமுன் கெடும். ஊரில் வெட்டியவுடன் சமைத்துப் பழகிய நமக்கு, மான்கறியைக் குளிர்பெட்டியில் 5 டிகிரிக்குக் கீழே ஒரு வாரம் வைத்திருப்பது கெட்டுப்போகவிடுவது போலத் தோன்றும். வையுங்கள். விறைப்பு இறங்கி, நார் தளர்ந்து, வேக்காடும் குறையும். குண்டு பட்ட இடத்தைச் சுற்றி ஒரு கையளவு தாராளமாக அறுத்தெறியுங்கள். ஈயத்துகள் கண்ணுக்குத் தெரியாமல் தூரம்வரை சிதறும். சிறுபிள்ளைகள் உள்ள வீடென்றால் செம்புக்குண்டுக்கு மாறிவிடுங்கள், விலை கூட என்றாலும்.

மானின் கொழுப்பு ஆட்டுக்கொழுப்பு அல்ல. ஆறினால் மெழுகாக உறைந்து மேலண்ணத்தில் ஒட்டும். அதையும் வெள்ளைச் சவ்வையும் முழுக்கச் சீவியெடுத்துவிட்டு, கொத்துக்கறிக்குக் கசாப்புக்கடையிலிருந்து ஆட்டுக்கொழுப்பு வாங்கி ஐந்தில் ஒரு பங்கு சேர்த்து அரையுங்கள். கோலா உருண்டைக்கு அந்தக் கலவை அருமையாக உருளும்.

இப்போது முடிவு. துப்பாக்கி புதிது, பிள்ளைகள் சின்னவர்கள், சனிக்கிழமை ஒரு மாலைதான் கிடைக்கும் என்றால் இந்த ஆண்டு முயல். ஒரு பருவம் முயலில் கை தேறியவர், தனியாகப் போகிறவர், வறுவலும் பிரட்டலும் விரும்புகிற வீட்டுக்காரர் என்றால் ஃபாலோ பெட்டை, அதுவும் மே மாதத்தில். மூன்று நான்கு குடும்பம் சேர்ந்து, இரண்டு பேர் மலையேறத் தயாராக, எல்லா வீட்டிலும் குழம்புதான் நடக்கும் என்றால் இளம்பெட்டை மிளாவுக்கு இணையாக எதுவும் இல்லை. ஒன்று கிடைத்தால் நான்கு வீட்டுக்கும் பல மாதத்துக்குப் போதும். என்னுடைய தெரிவும் அதுதான். ஒரு கல்லூரித் தோழன் என்னோடு வர முடியாத ஆண்டில் மட்டும் நான் ஃபாலோவோடு நிறுத்திக்கொள்வேன்.

மிளா என்று முடிவெடுத்தவர்கள், முதல் நாளே முதுகுக்கறியில் கைவைக்காதீர்கள். அது ஒரு வாரம் குளிர்பெட்டியில் இருக்கட்டும். அன்று இரவுக்குக் கழுத்துக்கறியை எலும்போடு வெட்டி, சீரகமும் நல்லமிளகும் தட்டிப்போட்டு, ரசம்போல் நீர்க்க ஒரு சாறு வையுங்கள். மலை ஏறி இறங்கியவர்களுக்கு முதலில் வேண்டியது அதுதான்.